கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ஞாயிறு. தீபாவளிக்கு இன்னும் நாலு நாள்.

தள்ளுபடி விற்பனை தொடங்கி இரண்டாம் நாள். டெல்லி ஜனக்புரி கடை வாசலில் காலையிலிருந்தே நெரிசல். கயிறு கட்டி, இருபது இருபது பேராக உள்ளே விடுவது என் வேலை. வெளியே வருபவர்களின் பில்லில் முத்திரை குத்துவது ரேவதி. வாசலில் நாங்கள் தமிழில்தான் பேசிக்கொள்வோம். யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

மதியம் ரப்பர் செருப்பும் பழைய சால்வையுமாக ஒரு பெண் வரிசையில் நின்றாள். ரேவதியிடம் சொன்னேன்: "இதுங்கல்லாம் எங்க வாங்கப்போகுது? வெளிய வரப்ப பையை நல்லா பாரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பொண்ணுக்கு ஸ்வெட்டர் எடுக்கணும்மா" என்றாள். எங்கள் விழுப்புரத்துத் தமிழ்.

என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைத் தூக்கினேன். "வாங்கக்கா, நீங்க முதல்ல போங்க."

"வேணாம்மா. இவங்கல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்க. என் முறை வரட்டும்."

அரை மணி நேரம் இரண்டடி தள்ளி நின்றாள். நான் "ஜல்தி, ஜல்தி" என்று வரிசையை ஹிந்தியிலேயே விரட்டிக்கொண்டிருந்தேன். ரேவதி பக்கம் திரும்பவே இல்லை.

அவள் வெளியே வந்தபோது ரேவதி பையைப் பார்க்காமலே முத்திரை குத்திவிட்டாள். அந்தப் பெண் நகரவில்லை. என் முன்னால் வந்து பையை விரித்துப் பிடித்தாள். உள்ளே ஒரு சிவப்பு ஸ்வெட்டர்.

"நல்லா பாத்துக்கம்மா" என்றாள். குரலில் கோபமே இல்லை.

திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.