கையெழுத்துக்கு ஒரு புடவை

ஜூன் 18, புதன்

ஆனி பிறந்தும் வெயில் சித்திரை மாதிரி. காலையிலேயே புரோக்கர் துரை வந்துவிட்டார். போன வாரம் பார்த்துவிட்டுப் போன சேத்துப்பட்டுக்காரருக்கு இடம் பிடித்துவிட்டதாம். வீடு இல்லை, மனை. வீட்டை இடித்துவிட்டு விசைத்தறி ஷெட் போடப்போகிறார். பிறகு எதற்கு என்னை வெள்ளையடிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பாக்கறதுக்கு லட்சணமா இருக்கணும் இல்லீங்களா" என்கிறார். இடிக்கப்போகிற வீட்டுக்கு லட்சணம்.

எல்லாம் ஆடிக்குள் முடிய வேண்டும். ஆடியில் யாரும் வாங்க மாட்டார்கள், குடி போக மாட்டார்கள். தம்பி பாஸ்கர் புனேயிலிருந்து தினமும் போன். "அக்கா, தோட்டத்த மட்டும் க்ளீன் பண்ணி வெச்சிடு. பத்திரம் முடிஞ்சதும் எங்க கூட வந்து ராணி மாதிரி இரு."

அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது. வீடு அப்பா பேரில். எனக்கும் பாஸ்கருக்கும் சரிபாதி. ஒருத்தர் பேரில் இருந்தால்தான் வாங்குவேன் என்கிறார் சேத்துப்பட்டுக்காரர். அதனால் என் பாதியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் இல்லை, பிள்ளையா குட்டியா. உனக்கு எதுக்கு பங்கு என்று ஊர் கேட்பதற்குள் நானே கேட்டுக்கொண்டேன்.

செய்ய வேண்டியது: மரம் வெட்ட ஆள். பழைய இரும்புக்காரர். பரண். பட்டுக்கடையில் சொல்ல வேண்டும், இனிமேல் குஞ்சம் கட்ட என்னிடம் புடவை அனுப்ப வேண்டாம் என்று. இத்தனை வருஷம் ஊரில் எத்தனையோ பேர் கல்யாணப் புடவைக்கு முந்தானைக் குஞ்சம் முடிந்த கை. புனேயில் என்ன முடியப்போகிறதோ.

ஜூன் 21, சனி

முருங்கை போயிற்று. வாழை போயிற்று. கறிவேப்பிலை சாய்ந்ததும் தெருவே வந்து ஒடித்துக்கொண்டு போனது. இத்தனை நாள் ஒரு கொத்துக்குக் கூச்சப்பட்டுக் கேட்டவர்கள் இன்று முறத்தோடு வந்தார்கள்.

பக்கத்து வீட்டுத் தேவகி அக்கா மட்டும் ஒன்றும் எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, "இன்னாடி சுலோ, மொட்ட அடிச்ச மாதிரி ஆயிப்போச்சே" என்றார். கனகாம்பரத் தொட்டிகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எலுமிச்சை மட்டும் பாக்கி. கிளை கொள்ளாமல் காய். அது இருந்துவிட்டுப் போகட்டும், வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பார்த்துக்கொண்டார். துரை மூலம் செய்தி. காய்க்கிற மரத்தை வெட்டினால் வம்சத்துக்கு ஆகாது. அதனால் அதை வாங்குகிறவர் வெட்ட மாட்டார். விற்கிறவர்களே வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். பாவம் எங்களோடு போகட்டும், மனை சுத்தமாக அவருக்கு வரட்டும்.

தம்பி பா.வுக்குப் போன் செய்தேன். சிரிக்கிறான். "நீ வெட்டிடுக்கா. ஒனக்கு இன்னா, குடும்பமா குட்டியா."

சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான், ரயில் டிக்கெட்டு பற்றி. நான் அன்று எலுமிச்சைப் பக்கமே போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

மத்தியானம் காற்றும் புழுதியும். மழை கண்ணமங்கலம் பக்கம் போய்விட்டது.

வெட்டுகிற ஆளும் முதல் வெட்டு போட மாட்டானாம். "ஊட்டுக்காரங்க கை வெக்கணும்மா. அப்புறம் நான் பாத்துக்கறேன்." மஞ்சள் குங்குமம் வைத்தேன், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன், மன்னிச்சுக்கோ என்றேன். கத்தியை வாங்கி ஒரு போடு. பட்டை வாசனை குப்பென்று வந்தது. கையெல்லாம் முள் கீறல்.

ஆக, வாங்குகிறவருக்குக் குடும்பம் இருக்கிறது. வெட்டுகிறவனுக்குக் குடும்பம் இருக்கிறது. தம்பிக்கும் இருக்கிறது. பாவத்தை எங்கே கொட்டுவது என்று எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிகிறது. மோர் குடித்தேன். அது அந்த எரிச்சல் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

சாமான் பற்றி ஒரு மணி நேரம் பா.வோடு பேச்சு.

ஆட்டுக்கல் வேண்டாம். அம்மாவின் பித்தளை அண்டா வேண்டாம். தையல் மிஷின் வேண்டாம். துளசித் தொட்டி? "பால்கனில துணி காயப்போடவே எடம் இல்லக்கா." என் பீரோ? "ஹால்ல எங்க வெக்கறது?" ஹாலில் எதற்கு, என் அறையில் வைக்கலாமே என்றேன். பிறகு கீதா போனை வாங்கினாள். தம்பி மனைவி, கண்ணமங்கலத்துப் பெண். இனிமையான குரல்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காம எடுத்துனு வாங்க. மாமாவுக்கு வாங்கினோமே, அந்த ஓட்ட போட்ட நாற்காலி. டாய்லெட் நாற்காலி. அப்புறம் புடிச்சினு நடக்கறதுக்கு அந்த ஸ்டாண்டு. இங்க வாங்கினா ரொம்ப வெல."

அப்பாவின் நாற்காலி. இப்போது யாருக்கு என்றேன்.

"எங்க அம்மாவுக்குத்தான் அண்ணி. போன மாசம் வழுக்கி வுழுந்ததுல இருந்து எங்ககிட்டதான் இருக்காங்க. படுத்த படுக்க. உள் ரூம்ப அவங்களுக்குத்தான் குடுத்திருக்கோம். நீங்க மாமாவ எப்டி பாத்துக்கினீங்க, எங்க அம்மா அதையே சொல்லிகினு இருக்காங்க."

போன மாதம் விழுந்தார். போன மாதம்தான் எனக்கு ராணிப் பட்டம் கிடைத்தது.

நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினேன். டெட்டால் போட்டு இரண்டு முறை. ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. பழகிப்போன கை.

ஜூலை 2, புதன்

பழைய இரும்புக்காரர் வந்தார். மண்வெட்டி, கடப்பாரை, பூவாளி எல்லாம் போயிற்று. பெயிண்டர் முன்பக்கச் சுவரை மட்டும் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். முன்னால் மஞ்சள், பக்கத்தில் பழைய பாசி.

தோட்டத்தில் உட்கார நிழல் இல்லை. துணி உலர்த்தினால் பத்தே நிமிஷத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. அது ஒன்றுதான் லாபம்.

கீதாவின் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு மறந்துவிடக் கூடாது. கேட்டிருந்தால் செய்திருப்பேனோ என்னவோ. கேட்கவே இல்லையே.

ஜூலை 5, சனி

பா., கீதா நேற்று வந்தார்கள். அவள் அம்மாவுக்கு அங்கே நான்கு நாள் ஆள் போட்டிருக்கிறார்களாம். தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, எவ்ளோ எடம் தெரியுது பாரு" என்றான். வத்தக்குழம்பு, அப்பளம். நன்றாகச் சாப்பிட்டான். எப்போதும் நன்றாகச் சாப்பிடுவான்.

ஜூலை 6, ஞாயிறு

பங்கை விட்டுக்கொடுக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பட்டுப்புடவை வைத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதைக் கட்டிக்கொண்டு போய்த்தான் கையெழுத்துப் போடுவாள். பெரியம்மா மகள் போட்டாள், தேவகி அக்கா போட்டார். தேவகி அக்கா அந்தப் புடவையை இன்னும் பீரோவில் மேல் தட்டில் வைத்திருக்கிறார்.

காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, புடவை. பா.வும் கீதாவும் நின்று கொடுத்தார்கள். அரக்கு நிறம், பச்சைக் கரை. பெட்டியின் மேல் பெரிதாக ஆரணி பட்டு என்று அச்சடித்திருக்கிறது. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. வழுவழுவென்று கையை விட்டு நழுவுகிறது. கனமே இல்லை.

இருந்தாலும் சந்தேகத்துக்கு, ஓரத்தில் ஒரு நூல் உருவி சாமி விளக்கில் காட்டினேன். இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் பொடிந்து போகும். இது சுருண்டு உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்.

கீதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆன்லைன்ல ஆரணி பட்டுன்னுதான் அண்ணி போட்டிருந்தான்." புனேயில் உட்கார்ந்து ஆரணி பட்டு வரவழைத்து, அதை ரயிலில் ஆரணிக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளை நம்புகிறேன். அவளுக்குத் தெரியாது.

பா.வுக்குத் தெரியும். அப்பா பட்டுக்கடையில் கணக்கு எழுதியவர். இவன் பள்ளிக்கூடம் விட்டதும் தறிக்காரர் வீடுகளிலிருந்து கடைக்குப் புடவை சுமந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுச் சொல்வான். அவன் கையால்தான் தாம்பாளத்தில் மடித்து வைத்தான்.

"தெரிஞ்சுதானேடா குடுத்த?" என்றேன்.

செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வுடுக்கா, பேஜார் பண்ணாத. ஒரு நாள் கட்டிக்கினு கையெழுத்து போடப் போற. அதுக்கப்புறம் அங்க வந்து பட்டு கட்டிகினு எங்க போவப்போற நீ?"

எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தேன். மூன்று பேருக்கு.

ஜூலை 7, திங்கள்

நல்ல நாள் என்று பத்திர ஆபீஸில் கூட்டம். நான் என் பழைய சுங்குடிப் புடவை. கீதா பார்த்தாள். சேத்துப்பட்டுக்காரர் வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தார். துரை எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். வெல்லப்பாகு மாதிரி தித்திப்பு.

பேர் கூப்பிட்டார்கள். ஆபீஸர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, நிமிராமலே, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். "இஷ்டப்பட்டுத்தான் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?"

"இல்லீங்க சார்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் பா. "அக்கா" என்றான். நான் திரும்பவில்லை. "எனக்கு இஷ்டம் இல்லீங்க" என்று இன்னொரு தரம் சொன்னேன். ஆபீஸர் பத்திரத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பா. கத்தினான். துரை கத்தினார். கார் போய்விட்டது. நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பா. சொன்னான்: "இன்னியோட ஒனக்குப் பொறந்த வீடு இல்லன்னு நெனச்சிக்கோ."

"அந்த வீட்லதானடா நிக்கறேன்" என்றேன்.

அவன் முகம் சின்ன வயதில் பந்து தொலைத்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்திருக்க வேண்டாம். நாற்காலியை எடுத்து ஆட்டோவில் நானே ஏற்றினேன். அது அவர்களுக்குத் தேவை. புடவையைக் கீதா பெட்டியோடு ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பாதி இன்னும் அவனுடையது. கோர்ட்டு என்பான். வரட்டும். தேவகி அக்கா ரசம் கொண்டுவந்து வைத்தார். போகும்போது, "நான் கையெழுத்து போட்ட அன்னிக்கி சார்னு கூட வாயத் தொறக்கலடி" என்றார்.

ஜூலை 10, வியாழன்

பட்டுக்கடைக்குப் போன் செய்து புடவை அனுப்பச் சொன்னேன். என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். பார்க்கலாம் என்றார் முதலாளி.

தோட்டம் சுடுகாடு மாதிரி கிடக்கிறது. வெட்டியது நான்தான், யாரைத் திட்டுவது. மண்வெட்டியும் இல்லை. தேவகி அக்கா வீட்டில் வாங்கி வந்து, எலுமிச்சை அடிக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி கொத்தி முளைக்கீரை விதை தூவினேன். இந்த வெயிலுக்கு முளைத்த அன்றே கருகிவிடும். நிழல் வேண்டும்.

நான்கு குச்சி நட்டு அந்தப் புடவையை மேலே இழுத்துக் கட்டினேன். நல்ல நீளம். சாயம் போகாது, மழைக்கும் ஒன்றும் ஆகாது. பட்டாக இருந்தால் மனசு வந்திருக்காது.