கல்லறைச் சுவருக்கு உள்ளே

என் பட்டனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னைப் போன்றவர்களிடம் எப்படி நலம் கேட்பது என்பது அடுத்த வகுப்புப் பாடமோ என்னவோ, நான் அஞ்சாவதோடு நின்றுவிட்டேன். நான் எழுந்து நடக்கிறேன். வயிற்றுத் தையல் ஆறிவிட்டது. பால்தான் இன்னும் வற்றவில்லை. நீ போன செய்தி அதற்கு எட்டவில்லை போல.

சட்டைக் கம்பெனியில் நான் பட்டன் மெஷினில் உட்கார்ந்தால் போதும், நீ உள்ளிருந்து உதைப்பாய். அப்படி வந்த பெயர்தான் பட்டன். வேறு பெயர் வைக்க நீ நேரம் கொடுக்கவில்லை. மடித்த சட்டைக்குள் வைக்கிற அட்டையில்தான் இதை எழுதுகிறேன்.

நீ காலையில் பிறந்தாய், மத்தியானம் போய்விட்டாய். நான் மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்தபோது உன் அப்பா பக்கத்தில் நின்றார். நீ போய்விட்டாய் என்பதை அவர் முதலில் சொல்லவில்லை. "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு, பயப்படாதே" என்றுதான் தொடங்கினார். அப்போதே எனக்கு உறுத்தியது. பயமாக இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லையே.

கோயிலில் சொல்வது உனக்குத் தெரியாது. ஆதாமும் ஏவாளும் செய்த பாவம் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையோடும் கூடவே வருமாம். ஜென்மப் பாவம் என்பார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி ஆண்டவர் பெயரைச் சொன்னால் அது கழுவப்படும். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. யாரும் ஊற்றலாம். வேறு சாமி கும்பிடுகிறவர்கள்கூட ஊற்றலாம். உயிர் போவதற்குள் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். உனக்கு ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன நர்ஸ் ஊற்றினாளாம். அவள் வேறு சாமி கும்பிடுகிறவள்.

உன்னை என் கையில் கொடுத்தார்கள். காது மடல் உன் அப்பாவுடையது. நீளமான இரண்டாவது கால்விரல் என்னுடையது. எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எல்லாம் தெரிந்தது. பாவம் எங்கே ஒட்டியிருந்தது என்றுதான் தெரியவில்லை. குல்லாவை விலக்கிப் பார்த்தேன். பிறந்தபோது முடியில் பட்ட ரத்தம் காய்ந்து அப்படியே இருந்தது. தண்ணீர் பட்ட முடி அப்படியா இருக்கும்?

வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வளர்ந்தது. அத்தைக்கு, அதுதான் உன் அப்பாவைப் பெற்றவளுக்கு, என் கம்பெனிப் பெண்கள் வைத்த பெயர் சைரன். "மகாராணிக்கு விடிஞ்சிருச்சா?" என்று கேட்டுத்தான் என்னை எழுப்புவாள். இப்போது வெந்நீர் வைத்துத் தருகிறாள், தலை துவட்டிவிடுகிறாள், "சாப்பிடும்மா" என்கிறாள். உன் அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். பத்தாவது மாடியிலிருந்து கீழே பார்க்கிறவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் சின்ன நர்ஸ் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை செத்த வீட்டுக்கு எந்த நர்ஸ் தேடி வருவாள்? அத்தை கடைக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"எதுல ஊத்தினே?" என்றேன். "ஸ்பூன்லக்கா" என்றாள். "குல்லாவைக் கழட்டினியா?" என்றேன். முழித்தாள். "கழட்டி... இல்லக்கா, லேசாத் தூக்கி" என்றாள். "என்ன சொல்லி ஊத்தினே?" என்றதும் பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது கோயிலில் எல்லாரும் பரிசுத்த ஆவி என்றுதான் சொல்கிறோம். இஸ்பிரீத்து சாந்து என்பது அந்தக் காலத்து ஜெபத்தில் வருவது. எங்கள் தெருவில் இன்னும் அப்படிச் சொல்கிறவள் அத்தை ஒருத்திதான். நம் கோயில் படியே மிதிக்காத சின்னப் பெண்ணின் வாயில் அது எப்படி வந்தது?

கேட்டதும் அழுதுவிட்டாள். "உங்க வீட்டுப் பெரியம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்கக்கா" என்றாள். "எப்போ? உசுரு இருந்தப்பவா, போனப்புறமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் வெளியே கேட் திறந்தது. அத்தையைக் கண்டதும் நர்ஸ் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

மறுநாள் சாமியாரிடம் போனேன். நர்ஸ் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் போகிற பிள்ளைகளின் கதி என்ன என்று பொதுவாகக் கேட்டேன். "ஜென்மப் பாவம் பிள்ளை பண்ணின தப்பு இல்லம்மா. மனுஷனாப் பொறந்தா கூடவே வர்றது. அதுலேர்ந்து நம்மை மீட்கத்தான் ஆண்டவர் சிலுவையில உயிரைக் கொடுத்தார். அப்படிப் போன பிள்ளைங்களை அவரோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்" என்றார். நல்ல மனிதர்தான், என்னை உட்காரவைத்துத்தான் பேசினார். ஆனால் ஒப்படைக்கிறோம் என்றாரே தவிர, ஆண்டவர் வாங்கிக்கொண்டார் என்று சொல்லவில்லை பார். "அப்புறம் எதுக்கு சாமி, குழி வெட்டறதுக்கு முன்னாடி ஞானஸ்நானம் ஆச்சான்னு கேட்டீங்க?" என்றேன். "அது முறைம்மா" என்றார். ஆண்டவர் உயிரையே கொடுத்து மீட்டது ஒரு ஸ்பூன் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு நிற்குமா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் நேராகவே கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைங்க வார்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நான் சொன்னேன். அவ உள்ள நின்னு ஊத்தினா" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. "என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அப்போதுதான் பழைய சைரன் ஊதியது. "கல்லறைச் சுவத்துக்கு உள்ளதானேடி படுத்திருக்கா? உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? தோண்டி எடுத்து வெளியில வைப்பியா?"

கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். உன் அப்பாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகன் பிறந்தானாம். ஒரே நாள் இருந்தான். தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு இருந்த சாமியார் உள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளையை அட்டைப் பெட்டியில் வைத்துக் கல்லறைச் சுவருக்கு வெளியே ஜெபம்கூட இல்லாமல் புதைத்தார்கள். இப்போது அங்கே சைக்கிள் ஸ்டாண்டு. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவன் மேலதாண்டி வண்டியை நிறுத்திட்டுப் பூசைக்கு வர்றாங்க. நானும் பாத்துக்கிட்டே உள்ள போறேன்" என்றாள். உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லையாம்.

நான் இனி நர்ஸைத் தேடிப் போக மாட்டேன். நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. அத்தை சொன்னது பொய்யாக இருந்தால், இன்றைக்கு வாயை மூடிக்கொண்ட எனக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பாவம் எனக்கு யாரிடமிருந்தும் ஒட்டி வந்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. உன்னை வெளியே விட மாட்டேன்.

நேற்றுப் பூசை முடிந்ததும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். இடம் அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. "இங்கதான்... இல்லடி, அந்தப் பக்கம்" என்று வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் இருவரும் பொதுவாக ஓர் இடத்தில் நின்று ஜெபம் சொன்னோம். அவள் இஸ்பிரீத்து சாந்து என்றாள், நான் பரிசுத்த ஆவி என்றேன்.

ஆண்டவர் உன்னை மடியில் வைத்துக்கொள்ளட்டும், தாயே. அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடுகிறவர்கள் மேல்தான். இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நீ ஒருத்திதான் போய்ப் பார்த்தவள். அத்தையின் மூத்த பிள்ளை உனக்குப் பெரியப்பா. உன்னைவிட அரை நாள் கூட இருந்தவன், அவ்வளவுதான். அவன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

உன்னைப் பெற்ற அம்மா கேட்கிறேன், சொல்லு பட்டன். நீ இருக்கிற இடத்தில் அவனும் இருக்கிறானா?