அலமேலு மாமிக்கு ஒரு தனி அடுப்பு

1994, ஆகஸ்ட் 21, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். வித்யாவின் கல்யாணப் பத்திரிகை புரூஃப் திருத்தியாயிற்று. மயிலாப்பூரில் மண்டபம் முன்பே பிடித்தது. கீழே சமையல், இரண்டாம் மாடியில் மாப்பிள்ளை வீட்டார். (இனி மா.வீ. எழுதி எழுதிக் கை வலி.)

நேற்றைய நிச்சயதார்த்தம். எழுதாவிட்டால் ஆறாது. மாப்பிள்ளையின் அத்தை, அடையாற்று அலமேலு மாமி, டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு எல்லார் எதிரிலும் என்னைக் கேட்டாள்: "காபியா இது, கால் அலம்பற ஜலமா?" இவர் சிரித்து மழுப்பினார். நான் கூனிக் குறுகிப்போனேன்.

வீட்டுக்கு வந்ததும் வித்யா: "அம்மா, கல்யாணத்தன்னிக்கு அந்த மாமி உன்னை இன்னொரு வார்த்தை சொன்னா, மணையிலேருந்து எழுந்து வந்துடுவேன். சத்தியம்."

சொன்னால் செய்கிற பெண். மாப்பிள்ளை தங்கமான பையன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. ஒரு டம்ளர் காபியில் இது கெடுவதா?

ஆகஸ்ட் 27, சனி

பள்ளிக்கூடத்தில் எனக்கு அரை நாள்தான் வகுப்பு. நேரே தி.நகர். புடவையை ட்யூப்லைட்டில் நம்பவே கூடாது. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்தேன். கடைக்காரர் மாம்பழக் கலர் என்றது வெளியே பச்சையடித்தது. திரும்பி வரும்போது ஆட்டோக்காரர்: "இன்னாமா, கடையையே தூக்கினு வந்துட்டியா?"

மறக்காமல்: ஊஞ்சலுக்கு வேறு மாலை. வீடியோக்காரரிடம் சொல்ல, தாலி கட்டும்போது குறுக்கே நிற்காதே என்று. என் பையில் ஊக்கு, ஊசி நூல், தலைவலி மாத்திரை. பருப்புத்தேங்காய்க் கூம்புக்கு ஜிகினா வேண்டாம், காகிதப் பூ நானே செய்து ஒட்டுவேன். அதில் என்னை அடிக்க ஆள் இல்லை.

காபிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

செப்டம்பர் 3, சனி

தூறல். சமையல்காரர் ராமசாமி வந்தார். காபி மாடி ஏறுவதற்குள் ஆறாதா என்று கேட்டேன்.

"ஆறத்தான் மாமி ஆறும். ஆடை கட்டும். ஃப்ளாஸ்க்ல குடுத்தா ஃப்ளாஸ்க் வாசனைம்பா. நான் பார்க்காத சம்பந்தியா? காபியிலே குத்தம் சொல்லலேன்னா அவாளுக்குக் கல்யாணம் நடந்த மாதிரியே இருக்காது."

அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. குறை சொல்கிறவள் கையிலேயே கரண்டியைக் கொடுத்தால்? மாடியிலேயே ஒரு அடுப்பு, பெரிய ஃபில்டர். அலமேலு மாமி அதிகாரம்!

இவர் பதறிவிட்டார். "சம்பந்தி வீட்டாரை வேலை வாங்கறதா? ஊர் சிரிக்கும்டீ!"

வேலை என்று கொடுத்தால்தானே? மரியாதை என்று கொடுத்தால்?

செப்டம்பர் 7, புதன்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. போனேன் அடையாறுக்கு. வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், நடுவே காபிப்பொடிப் பொட்டலம்.

"மாமி, உங்காத்து ருசி எங்களுக்குப் பிடிபடலே. மாடியிலே காபி உங்க மேற்பார்வையிலே நடக்கணும். ஆள் நான் தரேன். சொல்றது நீங்க."

ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சல் நின்றது. மாமி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள்.

"சிக்கரி ஜாஸ்தி. இதை நீயே வெச்சுக்கோ. பொடி நான் அரைச்சுண்டு வரேன்."

தெருமுனை வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன். பாதி ஜெயம்!

செப்டம்பர் 10, சனி

ஓட்டமோ ஓட்டம். மா.வீ. வந்து இறங்கியாயிற்று. மாடியில் அலமேலு மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளை விரட்டுகிறாள்: "பாலைப் பொங்க விடாதேடா!" ராமசாமி என்னிடம் வந்து புலம்பல்: "நல்ல பாலா பார்த்துத் தூக்கிண்டு போயிட்டா மாமி." போகட்டுமே!

ஜானவாசம் ஜோர். மாப்பிள்ளை காரில் கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். மாட வீதியே வேடிக்கை பார்த்தது.

செப்டம்பர் 11, ஞாயிறு

கால் வீங்கிக் கிடக்கிறது. ஆனாலும் எழுதியே தீருவேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால். வித்யா மணையில். மாடிப்படிப் பக்கம் அலமேலு மாமியின் குரல், மண்டபம் அதிர. வித்யா திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. ஒரு கையை ஊன்றி எழுந்தேவிட்டாள் பாதி. எனக்கு உயிரே இல்லை. உட்காரு, உட்காரு என்று கையைக் காட்டுகிறேன்.

"ஆறிப்போச்சா? டம்ளரைக் கையிலே வெச்சுண்டு ஊர்க்கதை பேசினா ஆறாதா? என் காபியைக் குத்தம் சொல்ல வந்துட்டியா நீ?"

திட்டு வாங்கியது மாமியின் சொந்தத் தம்பி. மாப்பிள்ளையின் அப்பா! சம்பந்தி டம்ளரும் கையுமாய்த் தலை குனிந்து நின்றார். வித்யா சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டியே கோணிவிட்டது. மாப்பிள்ளையும் சிரிக்க, சாஸ்திரிகள் அதட்டினார். அப்புறம் கெட்டிமேளம். அப்பா மடியில் உட்கார்ந்து அசையாமல் தாலி கட்டிக்கொண்டாள் என் பெண். அழுதேன், நன்றாகவே.

பந்தி நடக்கும்போது தூணில் சாய்ந்து நின்றிருந்தேன். அலமேலு மாமி டவரா டம்ளரோடு நேரே என்னிடம் வந்தாள்.

"பெண்ணைப் பெத்தவ கார்த்தாலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலே. உக்காரு."

நாற்காலியில் இருந்த சம்பந்தியை எழுப்பிவிட்டு என்னை உட்கார்த்தினாள். அத்தனை பேர் பார்க்க! நான் உட்கார்ந்து, அவர்கள் நின்று.

காபி கொதிக்கக் கொதிக்க. சர்க்கரை ஒரு கரண்டி அதிகம். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெண் மாதிரி.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம் மாமி" என்றேன்.