திருப்பி அனுப்பிய கேக் பேணி

முழங்கால் நோவினால்தான் நான் உன் செத்த வீட்டுக்கு லண்டன் வரவில்லை என்று இங்கே கோயிலில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பிழை. என் முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சென்ற வெள்ளிக்கிழமைகூட, பனி உறைந்து கிடந்த படிகளில் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினேன். விமானத்தில் ஏற எனக்குப் பயம் என்று என் மகன் சொல்லி வைத்திருக்கிறான். அதுவும் பிழை. நான் வராததற்குக் காரணம் கோபம். அறுபது வருடச் சிநேகிதியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வரவிடாத கோபமும் உண்டா என்று கேட்டால், இருந்தது. அந்தப் பழியை என் முழங்காலில் போட எனக்கு விருப்பமில்லை.

இன்று என்னை எழுத உட்கார வைத்தது உன் பேணி. உன் மகள் அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. தபால் கொண்டுவரும் பெண் "பொன்ஜூர், மடாம்" என்று சொல்லித் தந்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிரித்தால், மார்கழிக்கு மார்கழி நீ எனக்குக் கேக் அனுப்பும் அந்தச் சிவப்புத் தகரப் பேணி. மூடி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே கேக் இல்லை, மணம் இருந்தது. கராம்பு, ரோஸ் எசன்ஸ், நீ எப்போதும் அளவுக்கு மேலே ஊற்றும் பிராந்தி. முன்பு பேணியைச் சுற்றியிருந்த பழுப்புத் தாள் நாலாக மடிக்கப்பட்டு உள்ளே கிடந்தது. அதற்கு மேலே உன் மகளின் சீட்டு: "அன்ரி, இதை உங்களிடம் சேர்க்கும்படி அம்மா சொல்லியிருந்தார். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்."

எழுதுகிறேன். அச்சிடுவார்களோ தெரியாது.

நாம் சண்டை பிடிக்கக் கற்றுக்கொண்டது யாழ்ப்பாணத்தில், கன்னியர் மடப் பள்ளியில். ஒன்பதாம் வகுப்பில் பாட்டுக் குழுவின் முன் வரிசையில் யார் நிற்பது என்று நானும் நீயும் ஒரு கிழமை பேசாமல் இருந்தோம். சிஸ்டர் நம் இருவரையும் ஒரே மர வாங்கின் இரண்டு நுனிகளில் இருத்தி, ஆளுக்கொரு தாள் தந்தார். "கதைச்சது காணும். இனி எழுதுங்கோ. எழுதினதுக்கு ஏழு நாளைக்குள்ளை எழுத்திலை பதில் வரவேணும். பதில் வரும்வரைக்கும் வாய் திறக்கப்படாது." உனக்கு அது தண்டனை. எனக்கும்தான். ஆனால் அன்று தொடங்கியதை நாம் விடவில்லை. நீ கல்யாணம் முடித்து லண்டன் போனாய். நான் பத்து வருடம் கழித்து, போர் துரத்த, புருஷனோடும் கைக்குழந்தையோடும் நெதர்லாந்தின் தெற்கே ஒரு சிறிய ஊரில் போய் விழுந்தேன். சந்தோஷங்களைத் தொலைபேசியில் சொன்னோம். சண்டை என்றால் கடிதம், ஏழு நாளைக்குள் பதில். உன் மகளின் கல்யாண அழைப்பிதழில் என் புருஷனின் பெயரைத் தவறாகப் போட்டதற்கு நான் நான்கு பக்கம் எழுதினேன். நீ ஐந்து பக்கத்தில் மன்னிப்புக் கேட்டாய். அதில் மூன்று பக்கம் அச்சகக்காரனுக்கு ஏச்சு.

எங்களுக்கு ஹொலண்ட் கடவுச்சீட்டு கிடைத்த வருடம் உன் வீட்டுக்கு வந்திருந்தோம். நீ என்னை மேல்மாடிக்குக் கூட்டிப் போய்ப் பின் அறையைத் திறந்து காட்டினாய். கட்டில், யன்னலோரம் ஒரு எழுத்து மேசை.

"இது உன்ரை அறை," என்றாய்.

"எனக்கு வீடில்லையோ?"

"மனுசன்மார் முதல் போவினம் அடி. பேந்து நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சை. சமையல் நான், சண்டை நீ. உனக்கு இனி விசாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஒரு சூட்கேஸ் காணும்."

கீழே இருந்து உன் மனுசன் கத்தினார்: "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் செத்துத்தான் உங்களுக்கு இடம் விடவேணுமோ?" நாம் சிரித்த சிரிப்பில் என் புருஷனும் மேலே ஓடி வந்துவிட்டார். அந்த அறையை நம்பித்தான் நான் வயது போவதைப் பற்றிப் பயப்படாமல் இருந்தேன். இதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா போவதா என்று வாக்களிக்கப் போன வாரம் நீ தொலைபேசியில் கேட்டாய்: "நீ என்னடி நினைக்கிறாய்?" நான் சொன்னேன்: "அது உங்கடை நாட்டு விசயம். நான் கதைக்கிறது சரியில்லை." பிறகு வெண்டிக்காய் விலையைப் பற்றிப் பேசினோம். நீ இருப்பதற்குத்தான் போடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

போவதென்று முடிவு வந்த காலை எங்கள் தெருவில் யாரும் கத்தவில்லை, கொடி எரிக்கவில்லை. பக்கத்து வீட்டு வில்லெமை உனக்கு நினைவிருக்கும், உனக்கு டாலியாக் கிழங்கு தந்த கிழவர். அவருடைய ஊரை யுத்தத்தில் மீட்டவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்கள். ஒருவன் அவர்கள் குசினியில் மூன்று வாரம் படுத்து, சிறுவன் வில்லெமுக்கு முதன்முதலாகச் சொக்லேட் தந்தவன். அவன் செத்த பிறகும் அவன் மகன் ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு வில்லெமுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான். அந்த வருடமும் வந்தது. "நாங்கள் வெளியேறத்தான் வாக்களித்தோம், ஆனால் அதற்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று எழுதியிருந்தான். வில்லெம் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்களுக்குச் சம்பந்தமில்லையாம். அப்படியானால் அவர்கள் யாரை விட்டுப் போனார்கள்?" மற்ற அட்டைகளை எல்லாம் அலுமாரிக்கு மேல் அடுக்கினார். இதை மட்டும் மேசை லாச்சிக்குள் வைத்துத் தள்ளி மூடினார்.

தெரு மூலைப் பேக்கரியில் பாண் விற்பவளுக்கு வேறு விதமான நோவு. கோடையில் வரும் ஆங்கிலேயர்கள் கடைக்குள் நுழைந்ததுமே, கேட்காமலே, "நாங்கள் அப்படி வாக்களிக்கவில்லை" என்று சொல்வார்களாம். "எல்லாரும் இதையே சொல்கிறார்கள். அப்ப யார்தான் போட்டது? நான் ஒன்றும் கேட்பதில்லை. வெள்ளைப் பாணா, தவிட்டுப் பாணா என்று மட்டும் கேட்பேன்," என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். முன்பெல்லாம் அவர்களோடு மழையைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவள் அவள். எங்கள் தெருக்காரரிடம் கோபம் குறைவுதான். வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டவன் எழுந்து போய்விட்டு, வெளியே நின்று, நீங்கள்தான் கதவைச் சாத்தினீர்கள் என்று சொன்னால் வருமே ஒரு வாயடைப்பு, அதைத்தான் நான் அந்தத் தெருவில் பார்த்தேன். நானும் அந்தத் தெருக்காரிதான். ஆனாலும் அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. லண்டனில் என் ஆள் ஒருத்தி இருக்கிறாள், அவள் இப்படிச் செய்யமாட்டாள் என்று.

அதற்குப் பிறகு என் புருஷன் பாரிசவாதத்தில் படுத்தார். ஒன்றியத்து நாட்டவரில் குறித்த தேதிக்கு முன் வந்து குடியேறியவர்களுக்குத்தான் இனி உங்கள் நாட்டில் இருக்க உரிமை என்று அறிவித்தார்கள். "ஒரு கிழமை வந்து என்ரை விலாசத்திலை பதிஞ்சுபோட்டுப் போவன்," என்றாய். படுக்கையில் கிடக்கிற மனிதரை யாரிடம் விட? வசிக்காத இடத்தில் வசிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவும் எனக்கு வராது. தேதி போனது. அடுத்த ஐப்பசியில் அவரும் போனார்.

துக்கம் கேட்க உன் மனுசன் தொலைபேசி எடுத்தார். நல்ல மனிதர், பாவம், ஆறுதல் சொல்லத் தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னார். "இனி இஞ்சை வாறதெண்டால் கொஞ்சம் கரைச்சல்தான் தங்கச்சி. சும்மா வந்து இருக்க விடாங்கள். நாங்கள் ரெண்டு பேரும் வெளியாலை வரத்தான் போட்டனாங்கள். ஆனா அது கிழக்கு ஐரோப்பாவிலை இருந்து கூட்டம் கூட்டமா வாற ஆக்களுக்கெண்டுதான். உங்களுக்கெண்டு ஆர் நினைச்சது?"

பின்னால் உன் குரல் கேட்டது: "அதையேன் இப்ப அவளுக்குச் சொல்லுறியள்?"

அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. நீ சொல்லி அல்ல.

பல வருடமாக யோசித்து, உன் பிழை எதுவென்று கண்டுபிடித்திருக்கிறேன். நீ என்னைத் தள்ளிவிட நினைக்கவில்லை. வாக்குச்சாவடியில் பென்சிலைப் பிடித்தபோது உன் கண்ணுக்கு முன்னால் நின்ற "ஐரோப்பியர்" யாரோ வெள்ளைக்காரர்கள். நான் உனக்கு யாழ்ப்பாணத்தாள், பாட்டுக் குழுவில் இடத்துக்குச் சண்டை பிடித்தவள். என் கைப்பைக்குள் இருந்த சிவப்புக் கடவுச்சீட்டு உனக்கு ஒரு பயணக் காகிதம், அவ்வளவுதான். நீ சாத்திய கதவு என்னுடையது என்பது உன் புத்திக்கு எட்டவேயில்லை. எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது. எங்கே போய் எந்த நாட்டுப் பிரஜையானாலும் ஒருவரையொருவர் ஊராராக மட்டுமே பார்ப்போம். அன்பினால் வந்த பிழைதான். ஆனால் அன்பினால் வந்தது என்பதற்காக அந்த அறை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த மறுநாள் உனக்கு எழுதினேன். நான்கு பக்கமல்ல, ஒரே ஒரு வரி: வாக்களிக்கும்போது மேல்மாடி அறையை நினைத்தாயா? நீ இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாய். நான் தூக்கவில்லை. வாயால் வேண்டாம், எழுத்தில் வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

எழுத்துக்குப் பதிலாகக் கேக் வந்தது என்றுதான் நான் நினைத்தேன். தபால்காரர் பேணியை வாசலில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது இங்கிலாந்திலிருந்து வந்தால் சுங்க வரி கட்ட வேண்டும் என்றார். "முன்பு அப்படி இல்லை, மேடம். அவர்கள் போனதிலிருந்து." தாளில் உன் கையெழுத்தைக் கண்டேன். அதற்கு மேல் பார்க்கவில்லை. "வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்," என்றேன். பார்சலைத் திருப்பியவளுக்கு நீ மறுபடி எழுதமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். நாம் இருவரும் ஒரே வாங்கில் படித்தவர்கள்.

அடுத்த கோடையில் மகன் என்னை இங்கே, கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு, கூப்பிட்டுக்கொண்டான். அறை இருக்கிறது, யன்னல் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் என்னோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறார்கள். குறையொன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் இங்கேயே பிறந்த ஆங்கிலக் கிழவி ஒருத்தி. இந்த மாகாணமும் ஒருமுறை கனடாவை விட்டுப் பிரிந்து போவதா என்று வாக்களித்ததாம். அதற்குச் சில நாள் முன்பு மற்ற மாகாணத்துச் சனங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து, நகரத்தின் நடுவில் நின்று, போகாதீர்கள் என்று சொன்னார்களாம். "அதனால் ஒரு வாக்காவது மாறியதோ தெரியாது. ஆனால் வந்தார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன்," என்றாள். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. நீ என்னிடம் கேட்டாயே. நீயாகவே கேட்டாய். நான் என்ன சொன்னேன்? உங்கடை நாட்டு விசயம் என்றேன். போகாதே என்ற ஒரு சொல்லுக்கு என் மரியாதை இடம் தரவில்லை. உன் பிழை குறையவில்லை. ஆனால் என்னுடையதையும் இங்கே எழுதுகிறேன், நினைவு மலரில் ஒரு பக்கப் பொய் இருக்கக்கூடாது.

நேற்று அந்தப் பழுப்புத் தாளை விரித்தேன். அதில் சுங்கப் படிவம் ஒட்டியபடியே இருக்கிறது. நாடு பிரிந்ததால் நீ நிரப்ப வேண்டி வந்த படிவம். உள்ளே என்ன இருக்கிறது என்ற கட்டத்தில், சிஸ்டர் பழக்கிய அதே சாய்ந்த எழுத்தில், இரண்டு வரி எழுதியிருக்கிறாய். வீட்டில் செய்த கேக், ஒன்று. கடிதம், ஒன்று. தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தேன். என் கடிதம் உன் கைக்கு வந்து ஏழு நாள் ஆகியிருக்காது.

நீ பதில் எழுதியிருக்கிறாய். நேரத்துக்கு எழுதியிருக்கிறாய். நான்தான் திருப்பி அனுப்பினேன்.

பேணிக்குள் கடிதம் இல்லை. தாளை இரண்டு பக்கமும் பார்த்தேன், மூடியின் உட்புறத்தையும் பார்த்தேன். என் கோபம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நேற்றிலிருந்து, தபால் வரும் நேரத்துக்கு யன்னலோரம் போய் நிற்கிறேன்.

இதை முதலில் வாசிக்கப் போவது உன் மகள். பிள்ளை, உன் அம்மாவின் லாச்சிகளை, பூசை அலுமாரியை, சேலைகளின் மடிப்புகளை எல்லாம் பார். என் பெயர் எழுதிய கடிதம் ஒன்று இருந்தால், பிரிக்காமல் அனுப்பு. அம்மா அதைக் கிழித்திருந்தால், கிழித்தார் என்று எழுது. இந்தப் பக்கத்தை நீங்கள் அச்சிடாவிட்டாலும் பரவாயில்லை. தொலைபேசி எடுக்காதே. தமிழ் எழுத வராது என்றால் ஆங்கிலத்தில் எழுது. ஏழு நாளைக்குள் எனக்கு எழுத்தில் பதில் போடு.