ஆமிக் கோப்பில் ஹபீபா

செவ்வாய், இஷாத் தொழுகைக்குப் பின்

இவருடைய ஆமிக் கோப்பில் உள்ள பிழைகளைத் திருத்த இன்று அம்பாறைக்குப் போனோம். கிளார்க் நகலைக் கொடுத்து, பிழையானதை வட்டமிடச் சொன்னார். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறந்த மாதத்தை வட்டமிட்டார். வெடி பட்டது இடது காலில். வலது என்று எழுதியிருந்தார்கள். அதையும் வட்டமிட்டார்.

மனைவி என்ற இடத்தில் ஹபீபா என்று இருந்தது. இவருடைய மூத்த தாரம். மவுத்தாகி மண்ணுக்குப் போய் இருபது வருஷம். இவருடைய பேனா அந்த வரியில் கொஞ்சம் நின்றது, பிறகு கீழே இறங்கிவிட்டது.

"வேற பிழை இரிக்கா?" கிளார்க் கேட்டார்.

"இல்ல. மத்ததெல்லாம் சரி."

நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

பஸ்ஸில் கேட்டேன். "அந்தப் பேரையும் மாத்தியிருக்கலாமே?"

"அது ஆமில சேரக்குள்ள நான் குடுத்த பேரு புள்ள. அதுல என்ன பிழை?"

மவுத்தானவள் மீது பொறாமைப்படுகிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் அந்த இடது காலுக்குப் பதினெட்டு வருஷமாக எண்ணெய் தேய்ப்பது நான்.

அறையிலிருந்து கூப்பிடுகிறார். கால் கடுக்கிறதாம்.

இன்றைக்கு ஹபீபா வந்து தேய்க்கட்டும்.