ஊசிப் படிகம்

அம்மான், மார்ச் 3

நஸீஹுக்கு, ஸலாம்.

பிரிந்தபின் எழுதும் முதல் கடிதம், கிழித்துவிடாதீர்கள். நீங்கள் உருவாக்கிய மருந்து கைவிட்டுப் போகிறது. ஊசி ஊசியாக வந்த படிகம் போன மாதம் தகடு தகடாக வந்தது. அதே பொருள்தான், ஆனால் வயிற்றில் கரைவதில்லை. அதன் தூசி ஆய்வகமெங்கும் பரவிவிட்டது. கரைசலில் ஒரு துகள் விழுந்தால் போதும், வருவதெல்லாம் தகடுதான். ஊசி திரும்பவே இல்லை.

சோதனை நோயாளிகளில் என் தங்கை நுஹாவும் ஒருத்தி. மரக்கட்டையாய்க் கிடந்தவள் உங்கள் மருந்தால் வாய் திறந்தாள். "சூப்புல உப்பே இல்ல, யாருடி வெச்சா?" என்பதுதான் முதல் பேச்சு. இப்போது மறுபடி இறுகிவருகிறாள்.

வேலையை விட்டபோது நீங்கள் எடுத்துச் சென்ற புட்டியில் இருப்பது பழைய ஊசிப் படிகம். இர்பிதில் உங்கள் வீட்டிலேயே அதை வளர்த்துத் தாருங்கள். நான் வரக்கூடாது, என் தலைமுடியிலும் அந்தத் தூசி இருக்கும். ஓட்டுநரை அனுப்புகிறேன்.

ரபாப்


இர்பித், மார்ச் 9

ரபாபுக்கு,

காப்புரிமையில் உன் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. இப்போது என் புட்டி மட்டும் வேண்டும். நம் கல்யாணத்தில் நுஹா கேட்டாளே, "குடுவ கழுவுறவனுக்கா எங்கக்கா?" என்று. கூடமே சிரித்தது. நீயும்தான்.

ஓட்டுநர் வேண்டாம். நம் ஊர் முறைப்படி, பெரியவரை முன்னிறுத்திக் கேள். உன் பெரியப்பா ஜரிகை மேலங்கி போர்த்தி வரட்டும். என் அண்ணன்மார் முன்னால் காபியைத் தொடாமல் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள், "குடிங்க, கேட்டது கெடச்சாச்சு" என்று நான் சொல்லும்வரை. தூசியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. குளித்துவிட்டு வா.

நஸீஹ்


இர்பித், மார்ச் 27

ரபாபுக்கு,

காபி ஆறும்வரை உங்களைக் காக்க வைத்தேன்தான். "சீக்கிரம் சொல்லுடா மகனே, என் முட்டி போச்சு" என்று உன் பெரியப்பா முனகிய பிறகே வாயைத் திறந்தேன்.

நீங்கள் போனதும் புட்டியில் இருந்ததையெல்லாம் கரைத்து வளரவிட்டேன். வந்தது தகடு. மறுபடி கரைத்தேன். மறுபடியும் தகடு. ஊசி ஒரு துளிகூட மிச்சமில்லை. இப்போது தலையணையில், ரொட்டியில், என் நகத்துக்கடியில் எல்லாம் அவை மின்னுகின்றன. விளக்கை அணைத்தாலும் மின்னுகின்றன.

ஒழுங்காகக் குளிக்காமல் வந்திருக்கிறாய். இது உன் வேலை.

நஸீஹ்


அம்மான், ஏப்ரல் 4

நஸீஹுக்கு,

உடம்பு எரிய எரியத் தேய்த்துக் குளித்தேன். புது உடுப்பை வழியில் கடையில் வாங்கி அங்கேயே மாற்றிக்கொண்டேன். பெரியப்பாவின் மேலங்கிதான் எங்கள் வீட்டு அலமாரியில், என் ஆய்வக உடுப்புகளோடு ஆண்டுக்கணக்கில் தொங்கியது. எனக்கு அது தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், வேறு எதை யோசித்துக்கொண்டிருந்தீர்களோ. உங்கள் அண்ணன்மாரில் ஒருவர் மரியாதையாக அதை வாங்கி, உதறி, உள்ளே கொண்டுபோய் மாட்டினார்.

நுஹாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. காது கேட்கிறது. உங்கள் கடிதம் நல்ல செய்தி என்று நம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் கடைசிவரை படித்துவிட்டேன். தானாக இமையை மூட அவளால் முடியாது. தூங்க நான்தான் விரலால் மூடிவிடுகிறேன். அன்று மூட மூடத் திறந்துகொண்டன.

இனி எழுதாதீர்கள். உறை கிழிபடும் சத்தம் கேட்டாலே அவள் கண்கள் என் பக்கம் திரும்புகின்றன.

ரபாப்