சுருதி பிடித்தவனுக்கு

எல்லாவற்றையும் நான் அப்போதே சொன்னேன். உன் கிட்டார் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து சேரும் என்றேன். வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் உன் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பையின் ஜிப்பைத் திறந்தேன். துருப்பிடித்த தந்தி வாசனையும், நீ தோளில் தேய்த்துக்கொள்ளும் தைல வாசனையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. உடனே மூடிவிட்டேன். துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து கப்பலையே தூக்கி வைத்தவன் நான். சரி, கப்பல் இல்லை, கன்டெய்னர். அப்படிப்பட்டவன் ஒரு ஜிப்பைத் திறக்கப் பயப்படுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

நாளை ஞாயிறு. ஆராதனையில் உன் நினைவு ஜெபம். அதில் நான் தனியாகக் கிட்டார் வாசிக்க வேண்டும். பயம் அதுதான்.

நம் பாஸ்டரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்தப் பாட்டு என்று முதல் நாளே பேசி வைப்போம். அவரோ பிரசங்கத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு வேறொரு பாட்டை, மனதுக்கு வந்த சுருதியில் எடுத்துவிடுவார். வெளியே லாரி ஹாரன் அடித்தால் அந்தச் சுருதியிலேயே எடுப்பார். மற்ற சபை வாத்தியக்காரர்கள் நம் மேடைக்கு வந்தால் அலறிவிடுவார்கள். நீ தலையைக் கொஞ்சம் சாய்ப்பாய். முதல் வரி முடிவதற்குள் உன் விரல்கள் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். "உபவாசம்னா டி சுருதில எடுப்பாரு மாமு. பிரியாணி துன்னுட்டு வந்தா எஃப்புக்கு ஏறிடுவாரு" என்பாய். இந்த ரகசியத்தை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஒருநாளும் மறுத்ததில்லை.

கிட்டார் வாசிக்கிற மனுஷன் என்றால் நம் இரண்டு பேருக்கும் ஒரு பைத்தியம். திருவொற்றியூரில் நற்செய்திக் கூட்டம் நடந்தால் மேடைக்குப் பக்கவாட்டில் போய் உட்காருவோம். அங்கேதான் விரல் தெரியும். "ரெண்டு பேரும் வசனம் கேக்க வந்தீங்களா, வெரல பாக்க வந்தீங்களா?" என்று உன் மனைவி கேட்பாள். "வெரலும் கர்த்தர் குட்த்ததுதாம்மே" என்பாய். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குப் பாட்டின் நடுவில் தந்தி அறுந்தது. மனுஷன் அசரவில்லை, மீதித் தந்திகளை வைத்தே முடித்தார். பஸ்ஸில் திரும்பும்போது முன் சீட்டுக் கம்பியில் அவர் வாசித்ததை உன் விரல்கள் வாசித்துக்கொண்டே வந்தன. நான் இந்தக் கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இன்னொரு தந்தி அறுந்துவிடும். "போற போக்குல அவன் கிட்டாரே இல்லாம வாசிச்சான்னு சொல்லுவ மாமு" என்று சிரித்தாய்.

மேடையில் நீ எனக்கு வலது பக்கம். உன் கிட்டாரின் கழுத்து என் பக்கம் நீண்டிருக்கும். நீ என்ன பிடிக்கிறாயோ அதைப் பார்த்து நானும் பிடிப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டுக்குக்கூட நானாகச் சுருதி கண்டுபிடித்ததில்லை. ஆனால் நீ விரலை மாற்றுவதற்கும் நான் மாற்றுவதற்கும் இடைவெளியே தெரியாது. அந்த வேகம் மெட்ராஸில் வேறு யாருக்கு உண்டு?

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீதான் மாமு" என்று சொன்னாய் அல்லவா? அதைப் பாஸ்டரிடம் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். போன ஞாயிறே என்னை உன் இடத்தில் நிறுத்திவிட்டார்.

பிரசங்கம் பாதியில் இருந்தது. பாஸ்டர் கண்ணை மூடினார், பாட்டை எடுத்தார். என் தலை தானாக வலது பக்கம் திரும்பியது. அங்கே சுவர். சபையே பாடுகிறது, என் விரலுக்குப் போக இடம் இல்லை. மெல்ல வால்யூமைக் குறைத்துவிட்டு, கையை மட்டும் பெரிதாக ஆட்டினேன். முடிந்ததும் நாலு பேர் வந்து "சூப்பர் அங்கிள்" என்று கை கொடுத்தார்கள்.

இன்று உன் மனைவி ஆட்டோவை விட்டு இறங்கியதுமே கேட்டாள். "இன்னாண்ணா, வால்யூம சைபர்ல வெச்சிகினு அப்டி ஆட்டுன கைய?"

"ஒயர்ல ஏதோ கோளாறும்மா."

"ஒயரு நல்லாதான் கீது. அவரு கைய பாத்துதான் நீ வாசிப்பன்னு எனக்குத் தெரியாதா? அவரே சொல்லிக்கீறாரு. ஒனக்கு நல்லா தெரியணும்னே கழுத்த கொஞ்சம் தூக்கிப் புடிப்பாராம்."

நீ நிற்கிற ஸ்டைலே அப்படி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"நாளைக்கு நான் பாடப் போறேன்" என்றாள். "கீபோர்டு, டிரம்ஸ் ஒண்ணும் வேணாம். நீ மட்டும் வாசி. எந்தச் சுருதில எடுப்பேன்னு எனக்கே தெரியாது. நடுவுல அழுதுட்டா எங்க போவும்னும் தெரியாது. நீதான் புடிக்கணும்."

"வேற யாராவது வாசிக்கட்டுமேம்மா..."

"அவரு எடத்த ஒன்கிட்டதான குட்த்துட்டுப் போனாரு? நீதான சொன்ன?"

கிட்டாரை நாற்காலியில் வைத்துவிட்டு அவள் ஏறினாள். ஆட்டோ போய்விட்டது.

பொழுது சாய்கிறது. பையை மறுபடி திறந்து கிட்டாரை மடியில் வைத்திருக்கிறேன். நான் தப்பாகப் பிடித்தால் நாளை எல்லார் எதிரிலும் அவள் குரல் தனியாக நின்றுவிடும். உன்னிடமிருந்து எனக்கு வித்தை எதுவும் ஒட்டவில்லை. எனக்காக நீ தூக்கிப் பிடித்த அந்தக் கழுத்து மட்டும்தான் கண்ணில் நிற்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நீ அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் வந்தபோது உனக்கு நினைவே இல்லை. உன் இடத்தில் நான் நிற்க யாராவது காரணம் கேட்பார்களே என்று நானாக ஒரு பேச்சை உன் வாயில் வைத்தேன். வலது பக்கம் திரும்பினால் நீ இல்லாத இடம் கண்ணில் படுமே என்று பயந்துதான், அந்த இடத்தில் நானே போய் நின்றுகொண்டேன்.